உருத்திரபுரத்துக் கிணறும் கால் கிலோ ஈரலும்

என்னுடைய ஆராய்ச்சி ஒரு புதன்கிழமை, நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கூழாகிப் போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை. பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் நான் வளர்த்துக்கொண்டிருந்த தட்டைப்புழுக்கள் அத்தனையும் கரைந்து, டப்பாக்களின் அடியில் பழுப்பாகப் படிந்து கிடந்தன.

காரணம் நான்தான். புதிதாக மாட்டியிருந்த ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக வந்தது. நம்ம பிள்ளைகளும் நல்ல தண்ணீரில் இருக்கட்டுமே என்று எல்லா டப்பாவிலும் அதையே மாற்றி ஊற்றினேன். உப்பே இல்லாத தண்ணீரில் இவை உயிரோடு இருக்காது என்பது முதல் வருட மாணவிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தில்தான் நான் எப்போதும் கோட்டை விடுவேன். பேராசிரியர் கேட்டபோது, "குழாய்த் தண்ணில ஏதோ கோளாறு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே நம்பிவிட்டார்.

இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். தலையில் மாறுகண் போட்ட மாதிரி இரண்டு கண். குறுக்கே வெட்டினால் தலைப்பக்கத்தில் வால் முளைக்கும், வால்பக்கத்தில் தலை முளைக்கும். ஒன்று இரண்டாகிவிடும். உடம்பு முழுக்க ஸ்டெம் செல், எந்த உறுப்பாகவும் மாறத் தயாராக இருக்கிற செல். அதனால் உலகம் பூராவும் என்னை மாதிரி ஆட்கள் பிளேடும் கையுமாக இதை வெட்டிக்கொண்டே இருக்கிறோம். விருதுநகரில் இருக்கிற என் அம்மா சொந்தக்காரர்களிடம், "டாக்டர் மாதிரிதான், ஆனா ஊசி போட மாட்டா" என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

எங்கள் புழுக்காரக் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. செய்தி தெரிந்ததும் இழவு விசாரிக்கிற மாதிரி எல்லா நாட்டிலிருந்தும் விசாரித்தார்கள். என் புழு அனுப்பட்டுமா, உன் புழு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். இந்த விஷயத்தில் நாங்கள் தாராளமானவர்கள். ஆனால் எனக்கு வேண்டிய புழு யாரிடமும் இல்லை. மற்ற புழுக்கள் கொஞ்சம் வெக்கை கூடினாலே செத்துப்போகும். என்னுடையது வெயில் தாங்கும் ஜாதி. இலங்கையிலிருந்து எங்களிடம் படிக்க வந்த மதுரா என்ற பெண் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து சோடாப் போத்தலில் கொண்டுவந்தது. அவள் இப்போது நார்வேயில் பனிக்குள் உட்கார்ந்து பிஎச்.டி. செய்கிறாள்.

மூன்று வாரத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. எனக்கு முப்பத்தெட்டு வயது. மூன்றாவது ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. கிடைத்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தேர்வுக் குழு ஆய்வகத்துக்கே வந்து புழுவைப் பார்க்கும். புழு இல்லாத புழுக்காரிக்கு எவன் வேலை கொடுப்பான்? மதுராவுக்குப் போன் போட்டேன். "எங்கட கிணத்துக்க கிடக்கும் அக்கா. அம்மா நிக்கிறா, போய் எடுங்கோ" என்றாள். புழுவைக் கொண்டுவரத் தேவையான அனுமதிக் காகிதங்களையும் அங்கே தன் பழைய ஆசிரியர் மூலம் அவளே வாங்கி வைத்தாள்.

கிளிநொச்சியில் இறங்கியபோது பதினோரு மணி வெயில். விருதுநகர்க்காரிக்கு அது சொந்தக்கார வெயில். மதுரா சொல்லி வைத்திருந்த ஓட்டோக்காரர் யோகன் காத்திருந்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முகத்தில் சிரிப்பே வராமல் அடுத்தவரைச் சிரிக்க வைக்கிற ஆள். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போன குடும்பம், அப்பா காலத்தில் மலையிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள். "எங்கட ஆக்களும் உங்கட பக்கம்தான் மிஸ், எந்த ஊர் எண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை" என்றார்.

என் பையைத் தூக்கி வைக்கும்போதுதான் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் என்று கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். ஓட்டோவுக்கு இடது காலுக்கு வேலையே இல்லை, பிரேக் வலது காலில், மற்றதெல்லாம் கையில், அதனால்தான் இந்தத் தொழில் என்று அவராகவே விளக்கினார்.

போகிற வழியில் சந்தையில் நிறுத்தச் சொன்னேன். தட்டைப்புழுவைப் பிடிக்க ஒரே வழிதான். ஈரல் துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் வாசனைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். மாட்டு ஈரல் என்றால் இன்னும் விசேஷம். சந்தையின் கோடியில் முல்லைத்தீவுக்காரரான ராசிக் நானாவின் இறைச்சிக் கடை இருந்தது. கால் கிலோ ஈரலை நறுக்கிக்கொண்டே, வீட்டில் யாருக்காவது ரத்தம் குறைவா என்று அக்கறையாகக் கேட்டார். புழுவுக்கு என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு யோகனைப் பார்த்தார். "புழு வரக்கூடாதெண்டுதான் தங்கச்சி நாங்க ஐஸில வைக்கிறம்" என்றார்.

உருத்திரபுரத்தில் வாய்க்காலை ஒட்டி மதுராவின் வீடு. மாரிப் பயிரான காலபோகத்து விதைப்பு நேரம், ஆம்பிளைகள் எல்லாரும் வயலில். மதுராவின் அம்மா லோகேஸ்வரி அக்கா ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வாசலுக்கு வந்தார். வாங்கோ, கதிரையில இருங்கோ என்றவர் அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "இண்டைக்குத்தான் கந்தசட்டி தொடங்கியிருக்கு பிள்ளை. ஆறு நாளும் வீட்டுக்குள்ள மச்சம் அடுக்காது. உங்களுக்கு மரக்கறி சரிதானே?"

மச்சம் என்றால் இங்கே மீன், இறைச்சி எல்லாம். என் தோள்பையில் கால் கிலோ மாட்டு ஈரல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரிக்கா என்று பல்லைக் காட்டினேன். பிஸ்கட் டின் ஒன்றில் ஈரலை வைத்து, மேலே 'மருந்து' என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் தள்ளினேன். அக்கா பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "இன்சுலினோ பிள்ளை?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சீனி நின்றுபோனது. பால் தேத்தண்ணி, பால் விடாத பிளேன்ரீ எல்லாம் வெறுமையாக வந்தது. சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல்கூட என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போனது.

ராத்திரிச் சாப்பாடு மட்டும் குறைவில்லை. விரதக்காரர் ஒரு பழமும் பாலும் எடுத்துக்கொண்டு, எனக்கு இடியப்பத்தை அடுக்கடுக்காக வைத்தார். தேங்காய்ப் பால் சொதியில் அது ஊறிக் கிடந்ததைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. குற்ற உணர்ச்சியோடு பதினான்கு இடியப்பம் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியும்போது எழுந்து, ஈரலை வெங்காய வலைப்பைக்குள் போட்டு, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். அகலமான கிணறு. மாரி மழை இன்னும் சரியாகத் தொடங்காததால் தண்ணீர் கீழே கிடந்தது. ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்பது என் திட்டம். விரத வீட்டில் விடிந்ததும் விடியாததுமாகத் தலைக்குக் குளிப்பார்கள் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. பின்னால் லோகேஸ்வரி அக்கா செருமியதும் பதறித் திரும்பினேன். கயிறு கையை விட்டுப் போனது. கீழே 'பொளக்' என்று சத்தம்.

என்ன விழுந்தது என்று கேட்டார். சோப்பு என்றேன். அவர் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அவருக்குக் குளிரவே இல்லை. குளித்தால் போகட்டும், பாவம், தெரியாமல் செய்தது, முருகன் என் கணக்கில் எழுதிக்கொள்வான் என்று மனசைத் தேற்றினேன். அப்புறம் அவர் செப்புக் குடத்தைக் கவிழ்த்துக் கழுவி, கழுத்து வரை நிரப்பினார். கோயில் அபிஷேகத்துக்கு. நீங்களும் வாங்கோ என்றார்.

யோகனின் ஓட்டோவில் அக்கா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். குடம் ஒவ்வொரு குழியிலும் தளும்பி என் கையில் தெறித்தது. சொன்னால் கிணற்றையே இறைத்துவிடுவார்கள், புழு போச்சு, வேலை போச்சு. சொல்லாவிட்டால் வேல் பிடித்து நிற்கிற சாமியின் தலையில் ஈரல் தண்ணீர். ஆய்வகத்தில் ஒரு பொய், பிஸ்கட் டின்னில் ஒரு பொய், கிணற்றடியில் ஒரு பொய். நாலாவதை என்னால் தூக்க முடியவில்லை. கோயில் மணிக்கூண்டு தெரிந்ததும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"அக்கா, கிணத்துக்குள்ள விழுந்தது சோப்பு இல்ல. ஈரல்."

லோகேஸ்வரி அக்கா கத்தவில்லை. குடத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார். "எதின்ட ஈரல்?" என்று மட்டும் கேட்டார்.

"மாட்டோடது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரல் வாங்கும்போது பக்கத்தில் நின்ற யோகன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி முன்னால் பார்த்தபடியே, "அக்கா இன்சுலின் எண்டெல்லோ சொன்னவா" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஐயர் கோயில் வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொன்னார்: கிணற்றை அடிவரை இறைத்து, கழுவி, மஞ்சள் தெளித்துவிட்டுப் பிறகு பார்ப்போம். அரை மணி நேரத்தில் தண்ணீர்ப் பம்ப் வந்தது. தெரு ஒழுங்கையில் இருந்த அத்தனை பெண்களும் வந்தார்கள். இறைத்த தண்ணீர் மிளகாய்த் தோட்டத்துக்குப் பாய்ந்தது. மாட்டுச் சத்து ஏறிய தண்ணீர், இந்த முறை மிளகாய் நல்லாய்க் காய்க்கும் என்று ஒருத்தி சொல்ல, லோகேஸ்வரி அக்கா திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் பகிடி விடவில்லை. நான் வேலி ஓரத்தில், பரீட்சையில் பிடிபட்டவள் மாதிரி நின்றேன்.

தண்ணீர் வற்றியதும் யாராவது உள்ளே இறங்க வேண்டும். ஆம்பிளைகள் வயலில். யோகன் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டச் சொன்னார். உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றி, "ஈரம் படக்கூடாது மிஸ், பிடியுங்கோ" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கைக்குழந்தை மாதிரி பிடித்தால் சரியில்லை, குடை மாதிரி பிடித்தாலும் சரியில்லை. கடைசியில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். அதற்கு ஒரு செருப்பும் போட்டிருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மிஸ், உங்கட ஆக்கள் எல்லாரும் ஈரலிலதான் நிக்கினம்."

சும்மா சொல்லவில்லை. வலைப்பை மேலே வந்தபோது அதில் இருபத்துமூன்று புழுக்கள் ஒட்டியிருந்தன. என் பதினோரு வருடப் படிப்பும் இருபத்துமூன்றாக நெளிந்துகொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நான் பாவத்துக்குப் பயந்து அழுவதாக நினைத்து, பரவாயில்லை பிள்ளை என்று தேற்றினார்கள்.

அன்று பின்னேரம், கிணறு இறைப்பதற்கு முன்பு பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரில் புழுக்களை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் விட்டேன். பூதக்கண்ணாடியை யோகனிடம் கொடுத்து, ஒரு புழுவைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். இரண்டு பாதியும் தனித்தனியாக நகர்ந்து போயின. தலை வர எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன். ஸ்டெம் செல் பற்றிச் சொன்னேன், எல்லாக் காயத்துக்கும் அது ஓடி வரும் என்றேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"மனுசருக்கு எப்ப மிஸ்?"

இதுவரை எழுதிய ஒவ்வொரு நிதி விண்ணப்பத்திலும் என் முதல் வாக்கியம் ஒன்றுதான்: இழந்த உறுப்புகளை மனிதர்கள் திரும்பப் பெறும் நாளுக்கு இந்த ஆய்வு வழிகாட்டும். எழுதும்போது நாக்குக் கூசியதே இல்லை. அந்த வாக்கியத்தை ஒரு கால் இல்லாத மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததும் இல்லை. வெட்கமாக இருந்தது. "என் காலத்துல வராதுண்ணே" என்றேன்.

"ஓம், நானும் கனகாலமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒண்டும் வாறமாதிரித் தெரியேல்லை" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் நான் சிரித்துவிட்டேன். வால் பாதியைத் தான் வைத்துக்கொள்ளலாமா, தலை வருவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இருபத்துமூன்றில் ஒரு பாதி போனால் என்ன என்று ஜாம் போத்தலில் போட்டுக் கொடுத்தேன். கிணற்றின் பழைய தண்ணீரிலும் ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டார். ஓட்டோவில் சாமிப் படத்துக்குக் கீழே அந்தப் போத்தலுக்கு இடம் கிடைத்தது.

மூன்றாம் நாள் பேராசை பிடித்து ஆட்டியது. துணுக்காயில் அக்காவின் உறவுக்காரர் வயல் கிணற்றில் இதே மாதிரி ஏதோ நெளியுமாம். இரண்டாவது இடத்துப் புழுவும் கிடைத்தால் ஆய்வுக் கட்டுரைக்கு நல்லது என்று யோகனோடு கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டோ சேற்றில் புதைந்தது. உழவு மெஷின் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த மெஷினுக்குப் பின்னால் ஓட்டோ, ஓட்டோவுக்குள் நான், ஊர்வலமாகத் துணுக்காய் போய்ச் சேர்ந்தோம். கிணற்றில் நெளிந்தது நுளம்புக் குஞ்சு, கொசுப் புழு. அவர்கள் தந்த குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மட்டும்தான் அன்றைய லாபம்.

இருட்டுகிற நேரம் வீட்டுக்கு வந்தால் வாசலெல்லாம் மஞ்சள். படியில் மஞ்சள், கதிரையில் மஞ்சள், என் பெட்டியின் மேலும் மஞ்சள். ஐயர் வந்து கிணற்றைச் சுத்தி செய்துவிட்டுப் போயிருக்கிறார். லோகேஸ்வரி அக்கா மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்திருக்கிறார். புழுக்களுக்குக் காற்று வேண்டுமே என்று நான் கிண்ணங்களை மூடாமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு கிண்ணத்துக்கு மட்டும் தெளிப்பு இல்லை, கை நிறைய மஞ்சளைக் கரைத்தே ஊற்றியிருந்தார்.

"அதுகள் மாடு திண்டதெல்லோ பிள்ளை. நீங்கள் கவலைப்பட்டு அழுதனீங்கள், அதுகளையும் சுத்தமாக்கி விடுவம் எண்டுதான்" என்றார்.

மிச்சமிருந்த இருபத்திரண்டரைப் புழுவும் முன்பு பார்த்த அதே கூழ், இந்த முறை மஞ்சள் நிறத்தில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யாரைத் திட்டுவது? நான் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியதும் இதே அன்பில்தானே. உட்கார்ந்து அவருக்கு என் கதை எல்லாவற்றையும் சொன்னேன், பெங்களூர்ப் பொய்யிலிருந்து இன்சுலின் வரை. வேலை போகும் என்பது விளங்கியதும் அவர் அழுதார். நானும் அழுதேன். நார்வேயிலிருந்து வீடியோ போன் எடுத்த மதுரா, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தாள்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டுக் கிணறுகளைப் பார்க்கப் புறப்பட்டேன். ஒருத்தரும் விடவில்லை. என்னைத் தூரத்தில் கண்டதுமே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் கிணற்றுக் கட்டின் மேல் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். இருங்கோ, சாப்பிடுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. ஆனால் தண்ணீர்ப் பக்கம் பத்தடிக்குள் போக முடியவில்லை. ஒரு வீட்டில் என் கைப்பையை ஒரு சின்னப்பிள்ளை மோந்துகூடப் பார்த்தது.

ஐந்தாம் நாள் காலையில்தான் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிற ஜாம் போத்தல் ஞாபகம் வந்தது. யோகனோ தன் மாமனாருக்கு உழவு மெஷின் சாமான் கொண்டுபோக முந்தின நாளே நெடுங்கேணிக்குப் போய்விட்டார். அழைத்தால் போன் வேலை செய்யவில்லை, அது காட்டுப் பக்கம், சிக்னல் வராது என்றார்கள். பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துனர் சில்லறைக்குத்தான் சண்டை போடுவார். இந்த நடத்துனர் எல்லாரையும் பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏற்றினார். ஒரு உரமூட்டை என் மடியில் பாதி உட்கார்ந்து வந்தது. இரண்டு தடவை மாறி, ஒரு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி இறங்கி, நெடுங்கேணிச் சந்தைக்கு வந்தேன்.

தேட வேண்டிய வேலையே இல்லை. சந்தையில் ஓட்டோவைச் சுற்றிக் கூட்டம். நடுவில் யோகன், ஜாம் போத்தலைத் தூக்கிப் பிடித்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஸ்டெம் செல்லை அவர் நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார்: வீட்டில் இன்ன வேலை என்று இல்லாமல் எந்த வேலைக்கும் ஓடுகிற ஆள் இருக்குமே, அதுதான் என்றார். காய்கறி வாங்க வந்த ஒருவர், மனுசருக்கும் இதைச் செய்வார்களா என்று கேட்டார்.

"கேட்டனான்" என்றார் யோகன். "தன்ர காலத்தில வராதெண்டு சொன்னவா. இவ்வளவு நாளும் வாற ஆக்கள் எல்லாரும் வரும் வரும் எண்டுதான் சொன்னவை. இவா பொய் சொல்லேல்லை."

பொய்க்காரி முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

என்னைக் கண்டதும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனார். போத்தலை மேசையில் வைத்தார். வால் பாதியின் முனையில் வெள்ளையாகப் புதுத் தலை துளிர்த்திருந்தது. கண் இன்னும் வரவில்லை. தினமும் கிணற்றின் பழைய தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறார். காலையில் எவ்வளவு நீளம், பின்னேரம் எவ்வளவு நீளம் என்று சிகரெட் அட்டையின் பின்னால் எழுதியிருக்கிறார். எங்கள் ஆய்வகத்தில் என் ஒருத்தியைத் தவிர எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்.

மஞ்சள் கதையைச் சொன்னேன். உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது இந்தப் பாதிதான் என்றேன். அவர் போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு இந்தத் தலை வாறதைப் பாக்கவேணும் மிஸ்" என்றார்.

வேலை போனாலும் இந்த மனிதரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களிடமே இருக்கட்டும் அண்ணே என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீயை எடுத்தேன். கைப்பழக்கத்தில் சீனி போடாமலே குடித்தேன். யோகன் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் மிஸ், வெட்டலாந்தானே?"

பதினோரு வருடம் புழு வெட்டியவள் நான். வெட்டினால் இரண்டாகும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவள். பஸ்ஸில் உரமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்தபோது அது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எழுந்துபோய்ப் பெட்டிக்கடையில் புது பிளேடு வாங்கி வந்தேன்.

தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கழுவித் தந்தார். நான் தண்ணீர் விட்டு, பூதக்கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தலை துளிர்த்த பாதியை யோகன் எடுத்துக்கொண்டார், மூன்று நாள் காவல் இருந்தவர் அவர், அது அவருடைய தலை. வால் எனக்கு. ஒரு மிளகாய் விதை அளவுதான் இருந்தது. அதை மருந்துக் குப்பியில் விட்டு, வழி முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன் போர். ஏழாம் நாள் விரதம் முடிந்தது. அன்று மத்தியானம் புறப்படுவதற்கு முன்னால் லோகேஸ்வரி அக்கா சோறு போட்டு, சட்டியோடு ஒரு கறியைக் கொண்டுவந்து வைத்தார். ஆட்டு ஈரல் பிரட்டல்.

"இது சட்டிக்குள்ள போடுற சாமான் பிள்ளை, கிணத்துக்குள்ள போடுறேல்லை" என்றார். பிறகு, கேட்காமலே என் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டார்.

பெங்களூரில் நேர்முகத் தேர்வு அன்று ஐந்து பேர் வரிசையாக நின்று ஒரே ஒரு டப்பாவில் கிடந்த ஒரே ஒரு புழுவைப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் வளர்த்த கூட்டம் எங்கே போனது என்று கேட்டார் தலைவர். பேராசிரியர் எனக்காக, குழாய்த் தண்ணீர் என்று வாயெடுத்தார். நான் குறுக்கே புகுந்து, இல்லை சார், ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நானே கொன்றேன் என்றேன். ஈரல், மஞ்சள், பீங்கான் தட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், நீளம் குறித்த அந்தச் சிகரெட் அட்டையின் படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து வேலை கிடைத்த கடிதம் வந்தது. அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால் யோகனுக்குத்தான் அனுப்பினேன்: அண்ணே, எனக்கு நிரந்தர வேலை கிடைச்சிருச்சு. எல்லாம் உங்களால. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் குரலாக வந்தது. பின்னால் ஓட்டோ எஞ்சின் சத்தம்.

"நல்லது மிஸ். எனக்கு ரெண்டு கண்ணும் வந்து வாலும் முழுசா வந்திட்டுது. உங்கட பக்கம் தலை வந்திட்டுதோ?"